எந்தச் சுடலை? ஊர்ப் பட்டப்பேர்களைத் தொகுக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் பட்டப்பேர் கேலிக்காகப் பிறந்ததைவிட ஆள் பிரித்துச் சொல்லப் பிறந்ததே அதிகம். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பார்கள், குலசாமி பேரைத் தெருவே வைக்கும். சுடலைமாடனுக்குக் கொடை (கோயில் திருவிழா) கொடுக்கும் ஊரில் சுடலைமுத்து, சுடலைக்கண்ணு, சுடலையாண்டி, வெறும் சுடலை என்று ஒரு கும்பலே இருக்கும். மேலப்பாளையத்தில் மைதீன், உவரிப் பக்கம் அந்தோணி. இனிஷியல் காகிதத்துக்குத்தான், வாய்க்கு உதவாது. ஆகவே தொகுக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது “பட்டப்பேர் என்ன?” என்பதல்ல, “எந்தச் சுடலை?” என்பதே.

ஆளைக் கேட்கும் முன் நோட்டைத் தேடுங்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டைவிட நல்ல ஆவணம் கிடையாது. எழுதுகிறவர் உள்ளூர்க்காரர், வரிசையோ நீளம். பின்னால் திருப்பிச் செய்யும்போது ஆள் மாறிவிடக் கூடாது என்பதால் ‘ஒளக்கு சுடலை, மேலத்தெரு’ என்று பட்டப்பேரோடுதான் எழுதியிருப்பார். ஒரே தெருவில் பத்துப் பதினைந்து வருட இடைவெளியில் மூன்று நோட்டுகள் கிடைத்தால் போதும். ஒரு பேர் முதலில் எந்த நோட்டில் தலைகாட்டுகிறது என்று பார்த்தால், அது எப்போதைக்கு முன் பிறந்தது என்று தெரிந்துவிடும். அடுத்தது கோயில் கொடை வரி நோட்டு. அது தலைக்கட்டுக் கணக்கு, வீடு வீடாக இருக்கும். தகப்பனுக்கு இருந்த பட்டப்பேர் மகன் பேரிலும் ஏறியிருந்தால் அது ஆள் பேர் என்ற நிலையைத் தாண்டி வீட்டுப் பேராகிவிட்டது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளையும் படம் எடுத்து வையுங்கள். உயிரோடு இருந்தவரை முகத்துக்கு நேரே சொல்லாத பேரைக்கூடச் சிலவற்றில் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ரேஷன் கார்டில் உள்ள பேர், ஊர் வாயில் உள்ள பேர், முகத்துக்கு நேரே கூப்பிடுவதா முதுகுக்குப் பின் சொல்வதா, காரணம் சொன்னவர் யார், அவருக்கு என்ன வயது, என்ன உறவு: இவ்வளவும் வேண்டும். கடைசி இரண்டையும் விட்டுவிட்டால் பிற்பாடு இரண்டு காரணம் மோதும்போது எதை நம்புவது என்று விழிக்க வேண்டியிருக்கும்.

எழுத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நம் பக்கம் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும், உழக்கு ‘ஒளக்கு’ ஆகும். காதில் விழுந்தபடி ஒருமுறை, எழுத்து வழக்கில் ஒருமுறை என இரண்டையும் எழுதுங்கள். எல்லா ளகரத்தையும் திருத்துகிறேன் என்று கிளம்பினால் மீசைக்காரருக்கு வைத்த ‘கெளுத்தி’ என்ற மீன் பேரும் ‘கெழுத்தி’ ஆகி ஆற்றோடு போய்விடும். உழக்கு என்றால் கால் படி. குள்ளமானவருக்கு அந்தப் பேர் ஏன் வந்தது என்று அந்த அளவு தெரியாத தலைமுறைக்குப் புரியாது, அதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

கேட்பதற்கு நல்ல இடம் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் திண்ணை. தட்டு மடியில், கை வேலையில், வாய் சும்மா. சுற்றின பீடியைக் கடையில் கொண்டு போடும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள், யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள். “ஆச்சி, நம்ம தெருவுல சுடலைன்னு எத்தன பேரு இருக்காவ? எந்தச் சுடலைன்னு எப்படிச் சொல்லுவிய?” என்று தொடங்கினால் பேர்கள் தானாக வரும். “அவருக்கு என்ன பட்டப்பேரு?” என்று கேட்டால் “எங்களுக்கு என்னத்தத் தெரியும்” என்று வாய் மூடிக்கொள்ளும். வயதான பெண்கள் புருஷன் பேரையும் மாமனார் பேரையும் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் நிற்கும் பேரனிடம் கேளுங்கள்.

இனி காரணம். பொருள் எளிதாகத் தெரிகிற பேர்தான் அதிகம் ஏமாற்றும். மூக்கன், மூக்கம்மாள் என்றதும் பெரிய மூக்கு என்று எழுதிவிடாதீர்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்துவார்கள், குப்பையில் போட்டு எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். குப்பை, பிச்சை, தவிடு எல்லாம் அந்த வகை. எமன் கண்ணில் படாமல் இருக்க வைத்த முறையான பேர்கள் இவை, பட்டப்பேர்க் கணக்கில் சேராது. அந்த வீட்டில் அவருக்கு முன் பிறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் தெளிந்துவிடும், ஆனால் மெதுவாகக் கேட்க வேண்டும். போதும்பொண்ணு என்ற பேருக்குக் காரணம் கேட்கவே வேண்டாம், அக்காமாரை எண்ணினால் போதும்.

நேர்மாறாக வைத்தவையும் உண்டு. ‘ஊமையன்’ ஊரிலேயே அதிகம் பேசுகிறவராக இருக்கலாம். ஆளைப் பாராமல் காரணம் எழுதக் கூடாது.

‘கொழும்பு’, ‘ரங்கூன்’ என்ற பேர்களில் காலக்கணக்கு முக்கியம். இன்று அந்தப் பேரைச் சுமக்கிறவர் கடலையே பார்த்திருக்க மாட்டார், போனவர் தாத்தா. ரங்கூன் என்றால் எந்தத் திரும்பல் என்று கேளுங்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நடந்து வந்தவர்கள் ஒரு கூட்டம், 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகண்ணி அரசுடைமையாகித் திரும்பியவர்கள் இன்னொரு கூட்டம். ஒரே தெருவில் இரண்டு ‘ரங்கூன் வீடு’ இருந்தால் குழப்பம் இதில்தான் தீரும்.

ஒரே காரணத்தை மூன்று தெருக்காரர்கள் தனித்தனியாகச் சொன்னால் ‘ஊர் சொல்வது’ என்று எழுதலாம். ஒருவரே சொன்னால் அவர் சொன்னதாகவே இருக்கட்டும். கதை ரொம்பச் சுவையாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், பேருக்குப் பிறகு கதை கட்டுவதும் நம்மூர் வழக்கம்தான்.

இயற்பேரை விசாரிக்காமல் விட்டால் அது தொலைந்தே போகும். குமாரசாமி என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊமைத்துரை என்றால்தான் பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வரும். நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான விளக்கில் அல்வா விற்ற கடைக்கு ஊர் வைத்த பேர்தான் இருட்டுக்கடை. எட்டயபுரத்துச் சுப்பையாவுக்குப் ‘பாரதி’ என்று கிடைத்தது மெய்யாகவே பட்டம், அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பத்திரம் பார்க்கிறவர்கள் ‘சுப்பையா என்ற மூக்கையா’ போன்ற இடங்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்கும் நாளில் ஆதாரில் ஒரு பேரும் பத்திரத்தில் ஒரு பேரும் நிற்கும். இருவரும் ஒருவரே என்று சொல்ல அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

சாதி சொல்லி இழிக்கும் பேர்களை நோட்டிலேயே ஏற்றாதீர்கள். பட்டியல் இனத்தவரைப் பலர் முன் சாதிப் பேர் சொல்லி இழிப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உடல் குறையைச் சொல்லும் பேர்களைத் தனி நோட்டில் வையுங்கள். அந்த வீட்டார் சம்மதம் இல்லாமல் அது அச்சுக்குப் போக வேண்டாம். மற்றவற்றை அச்சடிக்கும் முன் கொடை சமயத்தில், சென்னை, பம்பாய்க்காரர்கள் ஊரில் இருக்கும்போது, வீடு வீடாக வாசித்துக் காட்டுங்கள். சாமியாட்டம் முடிந்து சாப்பாடான பிறகு போங்கள். கையில் பென்சில் இருக்கட்டும், பேனா வேண்டாம்.