மருந்தாய்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள நம் வீடுகளில் மருந்தாளர் ஆவதற்கான பிஃபார்ம் படிப்புக்கு நல்ல மரியாதை. 4 வருடப் படிப்பு, 1 வருட இன்டர்ன்ஷிப், 1 வருடச் சமூகப் பணி, அப்புறம் வேலை. இதையெல்லாம் முடித்த பெண் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், "இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலரும் தோற்க வாய்ப்பில்லாத தலைப்பாகப் பார்த்து எடுக்கிறார்கள். என் பார்வையில் மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நம்மவர்களிடம் அந்தத் தலைப்பு பெரும்பாலும் மஞ்சள், வேம்பு, முருங்கை என்று வரும். இலையை அரைத்து எத்தனாலில் ஊறவைத்து, சாற்றைப் புற்றுநோய் செல்கள் மேல் விடுவார்கள். செல்கள் சாகும். சாகாமல் என்ன செய்யும்? அளவைக் கூட்டினால் சாதாரண உப்பும்கூடச் செல்லைக் கொல்லும். எவ்வளவு குறைந்த அளவில் கொல்கிறது, நல்ல செல்லை விட்டுவைக்கிறதா, அந்த அளவு மனித ரத்தத்தில் எட்டுமா என்பவைதான் கேள்விகள். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது, எளிதில் சிதைகிறது, போதாததற்குச் சோதனைகளையே ஏமாற்றுகிறது. 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாக எழுதினார்கள். ரசத்தில் போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சோதனை ஏமாறுவது எப்படி? எம்டிடி சோதனையில் உயிருள்ள செல்கள் மஞ்சள் நிறப் பொருளை ஊதாவாக மாற்றும். ஊதா கூடுதல் என்றால் பிழைத்த செல்கள் கூடுதல் என்று கணக்கு. ஆனால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்த சாறு, சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் அந்த ஊதாவைக் கொண்டுவந்துவிடும். செல் போடாமல், சாறும் எம்டிடியும் மட்டும் விட்ட ஒரு வரிசையைச் சேர்த்தால் குட்டு வெளிப்படும். வேலை அதிகமில்லை. செய்யாமல் விடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பயம்.

செல்லின் அடையாளத்திலும் இதே கதைதான். "சாங் கல்லீரல்" என்ற பெயரில் பல பத்தாண்டுகள் ஆய்வகங்களில் வளர்ந்த செல்கள், உண்மையில் 1951இல் ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா செல்கள். கல்லீரலுக்கு நஞ்சா என்று அவற்றில் சோதித்தவர்களின் உழைப்பு என்ன ஆனது? பக்கத்து மேசையில் கேட்டு வாங்கிய செல்லில் வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் டிஎன்ஏ அடையாளச் சோதனை, பிறகு, செல்களோடு ஒளிந்து வளரும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இருக்கிறதா என்ற சோதனை.

டர்பனின் வார்விக் சந்திப்பு மூலிகைச் சந்தையில் கிழங்கு வாங்கி வந்து நேராக ஆய்வகத்துக்குள் போவது இன்னொரு வழக்கம். உள்நாட்டுத் தாவரத்தில் மருந்து தேடினால், 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும்: தேடும் கட்டத்திலேயே அரசுக்கு அறிவிக்க வேண்டும், வணிகத்துக்குப் போனால் அனுமதியும் பலன் பகிர்வு ஒப்பந்தமும் வேண்டும். பசியை அடக்க இங்குள்ள பழங்குடியினரான சான் மக்கள் மென்றுவந்த ஹூடியா செடிக்கு அவர்களைக் கேட்காமலே காப்புரிமை எடுத்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, 2003இல்தான் பங்கு தரும் ஒப்பந்தம் வந்தது. கடைசியில் மருந்தும் வரவில்லை.

தோல்வி என்றால் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்கள் நம் ஊர்க் கதையையே பார்க்கலாம். நம் மாகாணமான குவாசுலு-நடாலில் 889 பெண்களிடம் நடந்த காப்ரிசா 004 ஆய்வில், பெண்ணுறுப்பில் இடும் டெனோஃபோவிர் மருந்து ஜெல் எச்ஐவி தொற்றை 39 சதவீதம் குறைத்ததாக 2010இல் அறிவித்தார்கள். உலகமே கைதட்டியது. மேலும் பெரிய ஃபாக்ட்ஸ் 001 ஆய்வின் முடிவு 2015இல் வந்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. பல பெண்களால் ஜெல்லைத் தவறாமல் பயன்படுத்த முடியவில்லை. சரி, அடிக்கடி போட வேண்டாத மருந்து வேண்டும் என்று தேடல் ஊசிப் பக்கமும் போனது. 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபாவிர் ஊசி பெற்ற, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் உள்ள 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024இல் தெரிந்தது.

சில்லறைத் தவறுகளும் உண்டு. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று மின்வெட்டு வந்த பிறகு விசாரிப்பது ஒன்று. மூன்று நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று கேட்கும் இதழுக்குக் கட்டுரை அனுப்புவது இன்னொன்று.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார் என்று மட்டும் எண்ணாதீர்கள். அவருடைய பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து, சோதனை சொதப்பிய நாளில் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் அறையில் இல்லாதபோது கேளுங்கள்.