பாமினியில் அடித்த பழைய தமிழை மீட்கும் வழி

எங்கள் நைனா குடியாத்தத்தில் இருபது வருஷம் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நோட்டீஸ் என்று எல்லாம் அவர் கைப்பட அடித்தவை. கடையைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிடி கிடைத்தது. அதில் ஒன்றின் மேல் மார்க்கரில் 'சொந்தம்' என்று எழுதியிருந்தது. வேலை இல்லாத மத்தியானங்களில் அவருடைய பாட்டி சொன்னதை அடித்து வைத்திருக்கிறார். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன கதையும் அதில் இருந்தது.

திறந்தால் ஒரு எழுத்தும் தமிழில் இல்லை. 'தமிழ்' இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டும். எழுத்துரு போனால் தமிழும் போச்சு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சிடி இருந்தால், நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் நகல். சிடியை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று போதும். கீறல் விழுந்த சிடி என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் போடுங்கள். படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி முயலும். எடுத்த மூலக் கோப்புகளை ஒரு தனி ஃபோல்டரில் பூட்டிவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு என்றால் பயப்பட வேண்டாம், லிப்ரே ஆபிஸ் டிரா திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், எழுத்து வந்துவிடும்.

அடுத்து எந்தக் குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற முறை, என்று பாருங்கள். சாதாரண ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. தலையில் கொம்பும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டிஸ்கியோ, 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் வகையோ இருக்கலாம். இவற்றை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர், பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்று மாற்றிகள் இருக்கின்றன. ஒரு பத்தியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். கோப்பு முழுவதையும் எடுத்தவுடன் கொடுக்காதீர்கள். நடுவில் உண்மையான ஆங்கிலம் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக எடுத்துக்கொண்டு குழப்பிவிடும். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. ஆங்கில முகவரியில் இருந்த காற்புள்ளியெல்லாம் எனக்கு 'இ' ஆகிப்போனது. வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்துருப் பெயரைப் பார்த்து, பாமினி உள்ள துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றி முடித்து 'வேலூர்' என்று தேடினேன். மூன்று இடம்தான் காட்டியது. கண்ணுக்கு முன்னால் பக்கத்துக்குப் பக்கம் வேலூர் இருக்கிறது! எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது 'வேலூா்'. ரகரத்துக்குப் பதில் கால் போட்டு, அதன்மேல் புள்ளி வைத்திருக்கிறது. பாமினியில் ரகரத்துக்குத் தனி விசை உண்டு. ஆனால் காலும் புள்ளியும் சேர்ந்தால் அழகான 'ர்' கிடைத்ததால் பலரும் அப்படியே அடித்துப் பழகிவிட்டார்கள். அச்சில் அது சரியான எழுத்து, தேடலுக்கு அது வேறு எழுத்து.

இதற்குத்தான் விதிகளை வரிசையாகப் போடவேண்டும். சொந்தமாக நிரல் எழுதினால் 'காலும் புள்ளியும்' என்பதை 'ர்' ஆக மாற்றும் விதி எல்லாவற்றுக்கும் முன்னால் வரட்டும். அப்புறம் கொம்பும் காலும் சேர்ந்து வரும் கொ, கோ. அதற்குப் பின் தனிக் கொம்பு. கடைசியில் ஒற்றை எழுத்துகள். வரிசை தப்பினால் 'சேர்ந்த' என்பது 'சோ்ந்த' ஆகிவிடும், ஏனென்றால் நிரல் கொம்பையும் காலையும் முந்திப் பிடித்துக்கொள்ளும். பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்போம், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஏற்கெனவே மாற்றிய கோப்பு என்றாலும் திருத்தலாம். காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் வராது, எனவே அப்படி வந்த காலையெல்லாம் தயங்காமல் ரகரமாக்குங்கள்.

சரி என்று அச்செடுத்து நைனாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாம் வரியிலேயே நின்றார்.

"இன்னாபா இது, வெள்ளம்னு நான் அட்ச்சது இப்டி கீது?"

'வௌ்ளம்' என்று இருந்தது. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்க்க ஒன்றுதான், பாமினியில் விசையும் ஒன்றுதான். கொம்பு, வகரம், ளகரம் என்று வந்ததும் மாற்றி அதை 'வௌ' என்று எடுத்துக்கொண்டது. இதற்கு ஒரு சின்ன விதி உண்டு. அந்த ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமேதான்: வெள்ளம், வெளியூர், தெளிவு. வெறுமனே நின்றால் அநேகமாக ஔகாரம்: மௌனம், கௌரி, வௌவால். அநேகமாக என்றுதான் சொல்கிறேன். பாட்டியின் பேச்சில் 'வெளக்கு' இருந்தது, அது 'வௌக்கு' ஆனது. அந்த மாதிரி இடங்களை நிரலிடம் விடாதீர்கள். ஔகாரம் வந்த சொற்களை மட்டும் தனியாகப் பட்டியல் எடுத்து, கண்ணால் பாருங்கள். எனக்கு நாற்பத்தொரு சொல் வந்தது, பத்து நிமிஷ வேலை.

எல்லாம் முடிந்ததும் பைத்தானின் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி மூலம் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். 'கொ'வின் கொம்பும் காலும் இரண்டு குறியாகப் பிரிந்து கிடந்தால் அது ஒன்றாக்கிவிடும். பிறகு யூடிஎஃப்-8 வெற்று உரைக் கோப்பாகச் சேமியுங்கள். எந்தக் கருவியிலும் திறக்கும்.

ஒன்றை மட்டும் திருத்தாதீர்கள். நைனாவின் பழைய பத்திரிகைகளில் 'வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று இருக்கிறது. 1989இல் வடஆற்காட்டைப் பிரித்தபோது வந்த பெயர். பிறகு அது வேலூர் மாவட்டமாகி, 2019இல் மூன்றாகவும் பிரிந்துவிட்டது. எழுத்துப் பிழையைத் திருத்துகிற வேகத்தில் அதையும் வேலூர் மாவட்டம் என்று மாற்றப் போனேன். நைனா கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பத்திரிகை அடித்த வருஷத்தில் அதுதான் எங்கள் மாவட்டம்.