வசவை முதலில் படியுங்கள்: ‘தி நைட் லேண்ட்’ நாவலுக்குள் போகும் வழி

‘தி நைட் லேண்ட்’ நாவலுக்கு யாராவது ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து எழுதியிருந்தால் அதைத்தான் நான் முதலில் திறப்பேன். ஐந்து ஸ்டார்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: என்ன இருட்டு, என்ன பிரமாண்டம், இப்படி ஒரு கற்பனை உண்டா! உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட நகர முடியாது. திட்டுகிறவர் தான் எங்கே தடுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடுவார். இந்த நாவலைப் படிக்கப் போகிறவருக்கு வேண்டியது அந்தத் தகவல்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1912இல் வந்த நாவல். எழுதியவர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன், இங்கிலாந்துக்காரர், பதின்ம வயதிலேயே கப்பல் வேலைக்குப் போனவர். கதை நடப்பது எண்ணிப் பார்க்க முடியாத எதிர்காலத்தில். சூரியன் அணைந்துவிட்டது. மிச்சமிருக்கிற மனிதர்கள் ஏறக்குறைய எட்டு மைல் உயரமுள்ள ஓர் உலோகப் பிரமிடுக்குள் வாழ்கிறார்கள். சுற்றிலும் இருட்டு, இருட்டுக்குள் என்னென்னவோ காத்துக் கிடக்கின்றன. பூமிக்குள்ளிருந்து எடுக்கும் ஒருவித ஆற்றலால் எரிகிற ஒளி வளையம் ஒன்றுதான் காவல். தொலைவில் இன்னொரு சின்னப் பிரமிடு இருப்பது தெரியவருகிறது. அங்கிருந்து ஒரு பெண் மனதோடு மனதாகப் பேசுகிறாள். நாயகன் தனியாளாகப் புறப்பட்டுப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறான். இவ்வளவுதான் கதை. இதற்குச் சுமார் இரண்டு லட்சம் சொற்கள்.

நான் ப்ரூஃப் பார்க்கிறவன். ஒருவர் ஒரு புத்தகத்தைப் படித்தாரா, புரட்டினாரா என்பதை அவர் எழுதுவதிலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம் என்பது என் தொழில் தந்த திமிர். இந்த நாவல் விஷயத்தில் அந்தத் திமிர் ரொம்பவே பயன்பட்டது.

ஒரு கருத்தைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அவர் எந்த இடத்தில் நின்றுபோனார் என்பது. அவர் சொல்ல வேண்டியதில்லை, புகாரே காட்டிக்கொடுக்கும். “அறிவியல் புனைவு என்று சொன்னார்களே, பழைய காலத்து இங்கிலாந்தில் ஒருத்தன் உருகி உருகிக் காதலிக்கிறான், சூரியன் எங்கே அணைந்தது?” என்று கேட்கிறவர் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. மிர்டாத் என்ற பெண்ணை மணந்து, பிரசவத்தில் அவளைப் பறிகொடுத்தவனின் புலம்பல் அது. அவன்தான் கனவுபோல அந்தக் கடைசிக் காலத்தில் இன்னொரு பிறவியில் விழிக்கிறான். “மாத்திரை தின்கிறான், நடக்கிறான், தூங்குகிறான், மறுபடி மாத்திரை” என்று சலித்துக்கொள்கிறவர் ஆறாவது, ஏழாவது அத்தியாயம்வரை வந்திருக்கிறார், அவரை மதியுங்கள். “திரும்பி வரும் வழியெல்லாம் கொஞ்சலும் காலுக்கு முத்தமும், தாங்கவில்லை” என்று எழுதுகிறவர் பாதியைத் தாண்டியவர். இவருடைய வசவை வரிவரியாகப் படிக்கலாம்.

இரண்டாவது, எந்தப் பதிப்பு. இது சின்ன விஷயமில்லை. ஹாட்ஜ்சனே அமெரிக்கக் காப்புரிமைக்காக இதை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அதே 1912இல் ‘தி ட்ரீம் ஆஃப் எக்ஸ்’ என்று வெளியிட்டார். 1972இல் அமெரிக்கத் தொகுப்பாசிரியர் லின் கார்ட்டர் இதை இரண்டு பாகமாக, கொஞ்சம் வெட்டி, பாலன்டைன் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்பில் கொண்டுவந்தார். ஜேம்ஸ் ஸ்டாடர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் உரையாடல் எல்லாம் சேர்த்து இக்கால ஆங்கிலத்தில் திருப்பியே எழுதிவிட்டார். ஆகவே “விறுவிறுவென்று போகிறது” என்று யாராவது எழுதியிருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். முழு மூலத்தைப் படித்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வராது.

எங்கள் அலுவலகத்தில் பக்கம் கட்டுகிற தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அண்ணே, இவ்வளவு வசவு வாங்குற புஸ்தகத்தைக் காசு குடுத்து வேற வாங்கணுமா?” என்றான்.

“காசே வேணாம்ப்பா. காப்புரிமை முடிஞ்சு எவ்வளவோ வருஷமாச்சு. குட்டன்பர்க்ங்கிற இணைய நூலகத்துல சும்மாவே கிடக்கு, ஃபோன்ல இறக்கிக்கோ.”

“அப்போ திட்டுறதுக்கும் உரிமை இல்லையே!” என்று சிரித்தான்.

இறக்கினால் மூலத்தையே இறக்குங்கள். வெட்டுகிற வேலையை நீங்களே செய்துகொள்ளலாம், அதற்குத்தான் வசவுகள்.

மொழி

எல்லோரும் முதலில் திட்டுவது மொழியை. நியாயம். 1912இல் இருந்துகொண்டு அதற்கும் முந்தைய நூற்றாண்டுகளின் ஆங்கிலம்போல ஒன்றைத் தானே கட்டி எழுதுகிறார். அப்படி ஓர் ஆங்கிலத்தை எந்தக் காலத்திலும் யாரும் பேசியதில்லை. உரையாடல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பத்திக்குப் பத்தி ‘அண்ட்’ என்றே தொடங்குகிறது. ‘போனேன்’ என்று முடிக்க வேண்டிய இடத்தில் ‘போதலைச் செய்தேன்’ என்கிற மாதிரி வினையை இழுக்கிறார். என் கையில் ப்ரூஃபாக வந்திருந்தால் முதல் சில பக்கங்களிலேயே சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

இதற்கு வழி ஒன்று உண்டு. வாய்விட்டுப் படிப்பது. உரக்க வேண்டாம், உதடு அசைந்தால் போதும். கண்ணால் மட்டும் ஓடினால் அந்த ‘அண்ட்’ ஒவ்வொன்றிலும் இடறும். வாயால் படிக்கும்போது அது மூச்சு வாங்கும் இடமாகிவிடுகிறது. இருட்டில் தனியாக நடப்பவன் தனக்குத்தானே முணுமுணுப்பதாகக் கேட்கத் தொடங்கும். எனக்கு இது இரண்டாவது அத்தியாயத்தின் நடுவில் பிடிபட்டது. அங்கேயும் பிடிபடாவிட்டால் ஸ்டாடர்ட்டின் நூலுக்குப் போய்விடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இரண்டாவது அத்தியாயம் என்றேன். தொடங்க வேண்டியதும் அங்கேதான். முதல் அத்தியாயத்தை அப்படியே தாண்டுங்கள். மிர்டாத் யார் என்று தெரிய வேண்டிய நேரம் வரும்போது, பத்தாவது அத்தியாயத்துக்கு முன்னால், திரும்பி வந்து படித்துக்கொண்டால் போதும். அப்போது அந்தப் புலம்பலுக்கு ஒரு கனம் இருக்கும்.

இரண்டாவதில் நாயகன் பிரமிடின் உச்சிக் கோபுரத்திலிருந்து நாலா பக்கமும் பார்க்கிறான். கதை நகரவே இல்லை, வெறும் பார்வைதான். ஆனால் இந்த நாவலைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். ஒலியே இல்லாத ஒரு வீடு. உள்ளே எப்போதும் விளக்கு எரிகிறது, உள்ளே போனவர் திரும்புவதில்லை. தெற்கே மலைபோல ஒரு கண்காணிக்கும் ஜீவன். அது பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் தெற்கிருட்டிலிருந்து வெளிப்பட்டு, இருபதாயிரம் ஆண்டுகளாக நெருங்கி வந்ததாம். ஆனால் எந்த ஓர் ஆண்டிலும் அது நகர்ந்ததை எவரும் கண்ணால் கண்டதில்லை. எத்தனையோ தலைமுறை பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்ததால்தான் நகர்ந்தது தெரிகிறது. கத்தி, ரத்தம், பல் எதுவும் இல்லாமல் ஒரு கணக்கை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இந்தப் புத்தகம் உங்களுக்கில்லை. மூடிவிடலாம், மிச்ச நேரம் லாபம்.

பெரிய கைகள் என்ன சொன்னார்கள்

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் அமானுஷ்யத் திகில் இலக்கியம் பற்றிய தன் நெடுங்கட்டுரையைத் திருத்தியபோது ஹாட்ஜ்சனுக்கு இடம் கொடுத்தார். ‘தி நைட் லேண்ட்’ திகில் கற்பனையின் உச்சங்களில் ஒன்று என்கிறார். கூடவே நீளம், சொன்னதையே சொல்வது, பிசுபிசுக்கும் காதல், போலிப் பழமை மொழி என்று அத்தனையையும் வறுத்தெடுக்கிறார். நார்னியா கதைகள் எழுதிய சி. எஸ். லூயிஸும் அறிவியல் புனைவு பற்றிய உரையில் இதையேதான் செய்கிறார்: இந்த நாவலின் காட்சிகளுக்கு மறக்க முடியாத இருண்ட கம்பீரம் உண்டு, ஆனால் தேவையற்ற காதலும் அசட்டுத்தனமான போலிப் பழமை நடையும் அதைக் கெடுக்கின்றன. லவ்கிராஃப்ட் கடவுள் நம்பிக்கையே இல்லாதவர், லூயிஸ் கிறிஸ்தவத்துக்காக வாதாடியே பேர் வாங்கியவர். எதிலும் ஒத்துப்போக வாய்ப்பில்லாத இருவர் ஒரே நாவலை ஒரே காரணங்களுக்காகப் புகழ்ந்து, ஒரே காரணங்களுக்காகத் திட்டியிருக்கிறார்கள். லவ்கிராஃப்டின் நண்பரும் எழுத்தாளருமான கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் மட்டும் திட்டுவதில் சேராமல், இவ்வளவு அசலான படைப்பு இலக்கியத்திலேயே அபூர்வம் என்கிற அளவுக்குப் போனார். அவர் நடையும் அலங்காரம் மிகுந்தது, அதனால் உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஆகவே மூன்று ஸ்டார் கொடுத்தவரைப் பார்த்து ‘இரண்டும் கெட்டான்’ என்று நினைக்காதீர்கள். இந்தப் புத்தகத்துக்கு ஐந்தையும் ஒன்றையும் ஒரே ஆள் கொடுப்பதுதான் வழக்கம். கூட்டி வகுத்தால் மூன்று வருகிறது.

சில புகார்களைத் தள்ளிவிடலாம். “அறிவியல் தப்பு” என்பது அதில் முதலாவது. சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதால் வெப்பம் வருகிறது என்ற யோசனையை வானியலாளர் எடிங்டன் முன்வைத்ததே 1920இல்தான். அதற்கு முன் இயற்பியலாளர் கெல்வின் பிரபுவின் கணக்குதான் படித்தவர் மனதில் இருந்தது: சூரியன் சுருங்கிச் சுருங்கி வெப்பம் தருகிறது, அது ரொம்ப காலம் தாங்காது. இன்று இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டுகள் என்கிறோம், அதுவும் நேராக அணையாமல் முதலில் சிவந்து பெரிதாகும் என்கிறோம். 1912இன் வாசகருக்கு அணைந்த சூரியன் வெறும் கற்பனையில்லை, படித்து அறிந்த விஷயம். இருட்டு நிலத்தில் ஆங்காங்கே நெருப்புக் குழிகள் எரிவதும், அவற்றை ஒட்டியே உயிர்கள் இருப்பதும் அந்தக் கணக்கிலிருந்து சரியாகத்தான் வருகின்றன.

மாத்திரைப் புகாரைப் பாதி ஏற்கலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை தின்று, ஒரு பொடியைக் கோப்பையில் போட, அது காற்றுப்பட்டு நுரைத்துத் தண்ணீராகிறது. முதல் தடவை அழகாக இருக்கும். பத்தாம் தடவை அந்தப் பத்தியைத் தாண்டுங்கள். முழுக்கத் தாண்டிவிடாதீர்கள், ஏனென்றால் அந்த ஆறு மணிக் கணக்கு தவறும்போதுதான் ஆபத்து வருகிறது.

பெண் பற்றிய புகாரை அப்படியே ஏற்க வேண்டும். நானி என்ற அந்தப் பெண், சின்னப் பிரமிடில் தன் மக்கள் அழிந்தபின் தனியாக இருட்டில் பிழைத்துக் கிடந்தவள். திரும்பும் வழியில் அவளைக் குழந்தையாக்கி, அறிவுரை சொல்லி, அவள் குறும்பு செய்தாள் என்று அடிக்கவும் செய்கிறான் நாயகன். அதை அன்பென்று கதை நம்புகிறது. “அந்தக் காலம் அப்படி” என்று சமாளிக்கிற கருத்துகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. திட்டியவர்கள் சரியாகத்தான் திட்டியிருக்கிறார்கள்.

அதனால் என் வழித்தடம் இது: இரண்டிலிருந்து ஐந்துவரை நிதானமாக. ஐந்தில் கிளம்பும்போது முன்கையின் தோலுக்குள் ஒரு குப்பி பதித்திருப்பதைக் கவனியுங்கள். உடம்பு போனால் பரவாயில்லை, ஆன்மா பறிபோகும் நிலை வந்தால் கடித்துச் சாவதற்கு. ஆறு முதல் எட்டு, மாத்திரைப் பத்திகளைத் தாண்டி. ஒன்பது முழுதாக. பிறகு விட்டுவைத்த முதல் அத்தியாயம், அப்புறம் பத்து. பதினொன்றிலிருந்து பதினான்குவரை ஒரே மாலையில் ஓட்டிவிடலாம், சண்டை வருமிடத்தில் மட்டும் நில்லுங்கள். பதினைந்தாவது அந்த ஒலியில்லா வீட்டைக் கடக்கும் அத்தியாயம். அதில் ஒரு வரியையும் விடாதீர்கள், மேலே சொன்ன வாய்விட்டுப் படிக்கும் முறையிலேயே படியுங்கள். மிச்சம் இரண்டும் தானாக ஓடும்.

படித்து முடித்தபின் நீங்களும் எழுதுவீர்கள். எழுதும்போது பதிப்பு எது, எந்த அத்தியாயம்வரை படித்தீர்கள், எதைத் தாண்டினீர்கள் என்று மூன்றையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பாதியில் நிறுத்தியிருந்தால் அதையும். அடுத்து வருகிறவருக்கு அதுதான் உதவும். “ஸ்லோ” என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது என்று எழுதுங்கள்.

கருத்தைக் கதையாகவே எழுதியவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஆண்டி ராபர்ட்சன், இதே இருட்டு நிலத்தில் நடக்கும் கதைகளைப் பலரிடம் எழுதி வாங்கித் தொகுத்தார். ஜான் சி. ரைட் எழுதியவை தனி நூலாகவே வந்தன. மொழி இவற்றில் தொல்லை தராது, ஆனால் ஹாட்ஜ்சனின் இரண்டாம் அத்தியாயத்தையாவது முடித்துவிட்டுப் போங்கள். அந்தக் கோபுரத்திலிருந்து ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தால்தான் அவர்கள் எந்தத் திசையைச் சொல்கிறார்கள் என்று புரியும்.