மெடிகேப் எடுக்கும் முன் நிறுவனத்தை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டு, அரசின் மெடிகேர் அட்டை கைக்கு வந்துவிட்டால் மருத்துவச் செலவுக் கவலை தீர்ந்தது என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் மெடிகேர் முழுச் செலவையும் ஏற்பதில்லை. 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, மருத்துவமனையில் சேர்ந்தால், மெடிகேரின் மருத்துவமனைப் பிரிவான பார்ட் ஏ பணம் தரத் தொடங்குவதற்கு முன் நோயாளி 1,676 டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஆண்டில் இது ஒருமுறைக்கு மேலும் வரலாம். மருத்துவர் கட்டணத்துக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும் உரிய பார்ட் பி, ஆண்டுதோறும் முதலில் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் (2025-இல் 257 டாலர்) கழிந்த பிறகு, தான் அங்கீகரித்த தொகையில் 80 சதவீதத்தை மட்டுமே தரும். மீதி 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது என்பதால், புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒருவருக்கு அந்தப் பங்கு மட்டுமே சேமிப்பைக் கரைத்துவிடும். இந்த இடைவெளியை அடைக்கத் தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீடுதான் மெடிகேப்.

இந்தியாவில் காப்பீடு எடுத்துப் பழகியவர்கள் எந்த நிறுவனத்தைப் பற்றியும் முதலில் கேட்பது, "கிளெய்ம் போட்டால் ஒழுங்காகப் பணம் தருவார்களா?" என்பதுதான். மெடிகேப்பில் அந்தக் கேள்விக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு சிகிச்சை தேவையானதா, அதற்கு எவ்வளவு நியாயம் என்பதை மெடிகேர் முடிவு செய்கிறது. மெடிகேர் ஏற்றுக்கொண்டால் மெடிகேப் நிறுவனம் தன் பங்கைத் தந்தே ஆக வேண்டும், மெடிகேர் மறுத்தால் பெரும்பாலும் இதுவும் தராது. மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும் போகலாம். மெடிகேர் செலக்ட் என்ற ஒரு வகையைத் தவிர மற்றவற்றில் நெட்வொர்க் பட்டியல் என்பதும் இல்லை.

அதைவிட முக்கியமானது, பயன்கள் அனைத்தும் சட்டத்தால் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது. 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1992 முதல் மெடிகேப் திட்டங்கள் ஆங்கில எழுத்துகளால் பெயரிடப்பட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பயன்கள் வரையறுக்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் பிளான் ஜி தருவதைத்தான் இன்னொரு நிறுவனத்தின் பிளான் ஜியும் தரும். மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்கள் மட்டும் தங்களுக்கெனத் தனி அமைப்பை வைத்திருக்கின்றன. ஆகவே நிறுவனங்களை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது பிரீமியமும், அது அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எப்படி ஏறும் என்பதும்தான். ஏஜெண்டுகள் காட்டும் வண்ணத்தாளில் முதல் ஆண்டுத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும்; இரண்டாவது கேள்விக்கான விடையை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

முதலில் எழுத்தை முடிவு செய்யுங்கள்

எழுத்தை முடிவு செய்யாமல் நிறுவனங்களை ஒப்பிடுவது வீண் வேலை. 2020 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ மெடிகேருக்குத் தகுதி பெற்றவர்களுக்கு, பார்ட் பி டிடக்டிபிளையும் சேர்த்துக் கட்டிய பிளான் எஃப் கிடைக்காது. இப்போது பெரும்பாலோரின் தேர்வு பிளான் ஜி அல்லது பிளான் என். பிளான் ஜி எடுத்தால் பார்ட் பி டிடக்டிபிள் ஒன்றை மட்டும் நாம் கட்டினால் போதும். மெடிகேர் ஏற்கும் மற்றச் செலவுகளில் நம் பங்கை அது பார்த்துக்கொள்ளும். பிளான் என் விலை குறைந்தது. ஆனால் மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் 20 டாலர் வரையும், அவசரப் பிரிவுக்குப் போய் அங்கே சேர்க்கப்படாமல் திரும்பினால் 50 டாலர் வரையும் கட்ட நேரும். மெடிகேர் விலையை முழுமையாக ஏற்காத மருத்துவர்கள் 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்கும் தொகையையும் பிளான் என் தராது. மாதம் இருமுறை மருத்துவரிடம் போகிறவருக்குப் பொருந்துவது பிளான் ஜி, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டும் போகிறவருக்குப் பொருந்துவது பிளான் என் என்பது என் கருத்து. கணவனும் மனைவியும் ஒரே பாலிசியில் சேர முடியாது, ஆளுக்கொன்று தனித்தனியாக எடுக்க வேண்டும். எனவே இருவருக்கும் ஒரே எழுத்துதான் என்ற கட்டாயமும் இல்லை.

பிரீமியம் ஏறும் விதம்

நிறுவனங்கள் பிரீமியத்தை மூன்று முறைகளில் நிர்ணயிக்கின்றன. கம்யூனிட்டி ரேட்டட் முறையில் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே தொகை. இஷ்யூ ஏஜ் முறையில் பாலிசி எடுத்தபோது இருந்த வயதே கடைசி வரை கணக்கில் இருக்கும். அட்டெய்ன்ட் ஏஜ் முறையில் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். மருத்துவ விலைவாசி உயர்வால் வரும் ஏற்றம் மூன்றுக்கும் பொது. மூன்றாவது முறையில் அதன்மேல் வயதுக்கான ஏற்றமும் சேர்ந்துகொள்கிறது. 65 வயதில் விலை கேட்டால் பெரும்பாலும் மலிவாகத் தெரிவது இந்த மூன்றாவதுதான் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதல் நிறுவனம் மாதம் 120 டாலர் கேட்கிறது, ஆண்டுக்கு 9 சதவீதம் ஏற்றுகிறது. இரண்டாவது நிறுவனம் 145 டாலர் கேட்கிறது, 5 சதவீதம் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஏற்றங்கள் முடியும்போது இரண்டும் ஏறத்தாழ 185 டாலரில் வந்து நிற்கும். ஆறாவது ஏற்றத்தில் முதலாவது 201, இரண்டாவது 194. பத்தாவது ஏற்றத்தில், அதாவது 75 வயதில், முதலாவது 284 டாலர், இரண்டாவது 236 டாலர். அந்த வயதில் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றால், அதற்குள் சர்க்கரையோ இதய நோயோ வந்திருந்தால் புது நிறுவனம் சேர்த்துக்கொள்ள மறுக்கலாம்.

இதனால் ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. இந்த மாநிலத்தில், இதே எழுத்துக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை சதவீதம் ஏற்றினீர்கள் என்பது முதலாவது. ஏற்றத்துக்கு மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் தாக்கல் செய்யும் ஆவணங்கள் பல மாநிலங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் உள்ளன. செர்ஃப் என்ற தளத்தில் நிறுவனத்தின் பெயரை இட்டுத் தேடலாம். பாலிசியை எழுதித் தரும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் என்ன, அந்தப் பெயரில் எத்தனை ஆண்டுகளாக மெடிகேப் விற்கிறார்கள் என்பது இரண்டாவது. புகழ்பெற்ற ஒரு பெயரின் கீழ் பல துணை நிறுவனங்கள் இருப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பழைய துணை நிறுவனத்தில் சேர்ந்தவர்களுக்கு வயதாகி, கிளெய்ம் கூடி, பிரீமியம் உயர்ந்ததும், அதில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இன்னொரு துணை நிறுவனத்தின் பெயரில் குறைந்த விலைக்குப் புதுக்கடை திறப்பார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்கள் மருத்துவக் கேள்விகளில் தேறி வேறிடம் போய்விடுவார்கள். நோயாளிகள் மட்டும் பழைய குழுவில் மிஞ்சுவதால் அங்கே பிரீமியம் இன்னும் வேகமாக ஏறும். ஓராண்டு ஈராண்டுக்கு முன் பிறந்த துணை நிறுவனம் வியப்பூட்டும் விலை சொன்னால், பிரீமியம் எப்படி ஏறியது என்று பார்க்க அதற்கு வரலாறே இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்றாவது, தள்ளுபடி. ஒரே வீட்டில் இருவர் சேர்ந்தால் தரும் தள்ளுபடி நீடிக்குமா, துணைவர் இறந்த பிறகும் தொடருமா என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தரும் தள்ளுபடி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறையும்; பெயரளவில் அது கம்யூனிட்டி ரேட்டட்டாக இருந்தாலும், கட்டுகிறவர் கையிலிருந்து போகும் பணம் வயதோடு ஏறுவதாகவே இருக்கும்.

ஆறு மாத வாய்ப்பு

65 வயது நிரம்பி, பார்ட் பி நடப்புக்கு வரும் மாதத்தின் முதல் நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு எந்த நிறுவனமும் உடல்நிலையைக் காட்டி மறுக்கவோ அதிகம் கேட்கவோ முடியாது. பார்ட் பி ஜூலை 1-இல் தொடங்கினால் டிசம்பர் 31 வரை. இந்த வாய்ப்பு வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறைதான். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். கலிஃபோர்னியாவில் ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர் ஒவ்வொரு பிறந்தநாளை ஒட்டியும், சமமான அல்லது குறைந்த பயனுள்ள திட்டத்துக்கு மருத்துவக் கேள்வியின்றி மாறிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் முதல் தேர்வே ஏறத்தாழ நிரந்தரத் தேர்வு.

வேலையில் நீடித்து, பெரிய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருப்பவர் அவசரப்பட்டு பார்ட் பி எடுத்தால் இந்த ஆறு மாதமும் பயனின்றி ஓடிவிடும். இந்தியாவிலிருந்து கிரீன் கார்டில் வந்த பெற்றோரின் நிலை வேறு. இங்கே வேலை செய்து 40 காலாண்டு வரி கட்டாதவர்கள், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேரை விலைகொடுத்து வாங்க முடியும். 2025-இல் பார்ட் ஏ மட்டுமே மாதம் 518 டாலர் வரை ஆனது. செலவுக்கு அஞ்சி பார்ட் பி மட்டும் எடுப்பவர்களுக்கு மெடிகேப் கிடைக்காது, ஏ, பி இரண்டும் வேண்டும். பழைய நோய்க்கு நிறுவனம் ஆறு மாதம் வரை காத்திருப்பு விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு முன் 63 நாளுக்கு மேல் இடைவெளியின்றி அரசின் மார்க்கெட்பிளேஸ் சந்தையில் வாங்கியது போன்ற காப்பீடு இருந்திருந்தால், அந்தக் காலம் காத்திருப்பில் கழிக்கப்படும். அந்தக் காப்பீடு இருந்ததற்கான அத்தாட்சிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊருக்குப் போனால்

மெடிகேப்பில் நிறுவனத்தின் நடத்தை நேரடியாகத் தெரியவரும் ஓர் இடம் உண்டு. வெளிநாட்டில் நடக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் பொதுவாகப் பணம் தராது என்பதால், அங்கே கிளெய்மை மெடிகேப் நிறுவனமே பார்த்து முடிவு செய்கிறது. ஜி, என் உள்ளிட்ட சில திட்டங்கள், ஆண்டுக்கு 250 டாலர் டிடக்டிபிள் போக, வெளிநாட்டு அவசர சிகிச்சைச் செலவில் 80 சதவீதம் தருகின்றன. வாழ்நாள் முழுவதற்குமான உச்சவரம்பு 50,000 டாலர். பயணம் தொடங்கிய முதல் 60 நாள்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை முக்கியமானது. நவம்பரில் சென்னைக்குப் போய்ப் பொங்கல் முடிந்து, உறவில் ஒரு கல்யாணமும் பார்த்து மார்ச்சில் திரும்பும் பெரியவருக்குப் பிப்ரவரியில் மாரடைப்பு வந்தால் இந்தப் பயன் கிடையாது. அவருக்குத் தனியாகப் பயணக் காப்பீடு வேண்டும். ஊரில் மலிவாக முடியும் என்று திட்டமிட்டுச் செய்துகொள்ளும் முழங்கால் அறுவை சிகிச்சையும் அவசரம் என்ற கணக்கில் வராது.

எனவே நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து, இந்திய மருத்துவமனையில் ரொக்கமாகக் கட்டிவிட்டு வந்தால் எந்தப் படிவம், எந்தெந்தத் தாள்கள், எவ்வளவு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கேட்டுப்பாருங்கள். சொல்பவருக்கு விடை தெரிகிறதா, நான்கு பேரிடம் மாற்றி மாற்றி இணைக்கிறார்களா என்பதிலேயே அந்த நிறுவனத்தின் சேவை புரிந்துவிடும். அதே அழைப்பில், மெடிகேர் தன் பங்கைத் தந்ததும் மீதிக் கணக்கு மெடிகேரிடமிருந்து தானாகவே அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேருமா என்றும் கேளுங்கள். சேராவிட்டால் வயதானவர் ஒவ்வொரு பில்லையும் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க நேரும்.

நிறுவனம் திடமானதா என்பதற்கு ஏஎம் பெஸ்ட் என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் தரும் மதிப்பீட்டைப் பாருங்கள். ஏ வரிசைக்குக் கீழே போக வேண்டிய அவசியம் இல்லை. மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம் வெளியிடும் புகார்க் குறியீட்டில் 1 என்பது நடுநிலை. 2 என்றால், நிறுவனத்தின் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட இருமடங்கு புகார்கள். ஓராண்டு எண்ணை மட்டும் நம்பாமல் மூன்றாண்டு எண்ணைப் பாருங்கள். நிறுவனம் கைமாறுவதும் உண்டு. சிக்னா என்ற காப்பீட்டு நிறுவனம் தன் மெடிகேர் தொழிலை 2025 மார்ச்சில் ஹெச்சிஎஸ்சி என்ற இன்னொரு நிறுவனத்துக்கு விற்று முடித்தது. விற்றாலும் வாங்கினாலும், பிரீமியம் கட்டிவரும் வரை உங்கள் பாலிசியை ரத்து செய்ய முடியாது.

யாரிடம் கேட்பது

விலை மாநிலத்தில் தாக்கல் செய்யப்பட்டதால், ஏஜெண்ட் மூலம் வாங்கினாலும் நேரடியாக வாங்கினாலும் ஒரே நிறுவனத்தின் ஒரே திட்டத்துக்கு ஒரே தொகைதான். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விற்கும் ஏஜெண்டைவிடப் பல நிறுவனங்களுக்கு விற்பவர் மேல்; இருவரையும்விட, ஷிப் எனப்படும் மாநில ஆலோசனைத் திட்டம் மேல். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் அதன் பெயர் ஹைகேப், ஃபுளோரிடாவில் ஷைன். அங்கே கட்டணமும் இல்லை, கமிஷனும் இல்லை. மெடிகேரின் சொந்த இணையதளத்தில் ஜிப் கோடைக் கொடுத்தால், உங்கள் பகுதியில் எந்த எழுத்தை யார் விற்கிறார்கள், எந்த முறையில் விலை வைக்கிறார்கள் என்பது தெரியும். பூஜ்ய பிரீமியம் என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் அது மெடிகேப் அல்ல, அரசின் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ். இரண்டையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. அட்வான்டேஜில் இருப்பவரிடம், அதை விட்டு வெளியேறாத நிலையில், தெரிந்தே மெடிகேப்பை விற்பது சட்டவிரோதம்.

பாலிசி கைக்கு வந்ததும் எழுத்து, நடப்புக்கு வரும் தேதி, எழுதித் தந்த நிறுவனத்தின் முழுப்பெயர், விலை நிர்ணய முறை ஆகிய நான்கையும் முன்பு தந்த, பயன்களைச் சுருக்கிச் சொல்லும் அவுட்லைன் ஆஃப் கவரேஜ் தாளோடு ஒப்பிடுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை முழுவதும் பெறலாம். ஏற்கெனவே ஒரு மெடிகேப்பில் இருந்து மாறுகிறவர்கள், ஒரு மாதம் இரண்டு பிரீமியம் கட்ட நேர்ந்தாலும், இந்த 30 நாளும் முடியும் முன் பழைய பாலிசியை ரத்து செய்ய வேண்டாம்.