அலங்காரம்: பெயரின் பொருளும் பாடிப் பழகும் முறையும்

கர்நாடக சங்கீதத்தின் தொடக்க ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் முடித்து அலங்காரத்துக்கு வருகிறவர்கள் பலர் முதல் வாரமே தடுமாறுகிறார்கள். ஸ்வரம் புதிதல்ல, அதே மாயாமாளவகௌளை ராகம்தான். புதிதாக இருப்பது கைக்கு. அதுவரை பாடிய வரிசைகள் எல்லாம் ஆதி தாளம். எட்டு எண்ணிக்கையைக் கை தானாகவே போட்டுக்கொண்டு போகும். அலங்காரத்தில்தான் முதல்முறையாகத் தாளம் மாறுகிறது. அதனால் இதை ஸ்வரப் பாடம் என்பதைவிடத் தாளப் பாடம் என்றே நினைத்துப் பழகுங்கள்.

அலங்காரம் என்றால் அணி. ஸ்வரங்களை ஓர் ஒழுங்கில் கோத்து அழகாக்குவதைப் பழைய இசை நூல்கள் இப்படிச் சொல்லின. இன்று கர்நாடக சங்கீத வகுப்பில் இந்தச் சொல்லுக்கு ஏழு தாளங்களில் அமைந்த ஏழு பயிற்சிகள் என்று பொருள். தொடக்கப் பாடங்களை வரிசைப்படுத்தியவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு.

புத்தகங்கள் துருவ தாளத்தில் தொடங்கும். இங்கே நான் ரூபகத்தை எடுத்துக்கொள்கிறேன். சிறியது, முறை சீக்கிரம் புரியும்.

1. சுருதி. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), பெண்களுக்கு ஐந்து அல்லது ஐந்தரை. சுருதிப் பெட்டியோ செல்போன் செயலியோ போதும். ஸ, ப, மேல் ஸ மூன்றும் சேர்ந்து நிற்கும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

2. வாயை மூடிக் கை மட்டும். சதுஸ்ர ஜாதி (லகுவுக்கு நாலு எண்ணிக்கை) ரூபகம் என்றால் ஒரு திருதம், ஒரு லகு. திருதத்துக்கு ஒரு தட்டு, ஒரு வீச்சு. லகுவுக்கு ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். ஆக மொத்தம் 6 அட்சரம் (எண்ணிக்கை). பத்து ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) வேகம் மாறாமல் போடுங்கள்.

3. முதல் காலம் (முதல் வேகம்). ஓர் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம். புள்ளி வைத்த ஸ் மேல் ஸட்ஜம்.

ஸரி | ஸரிகம ||
ரிக | ரிகமப ||
கம | கமபத ||
மப | மபதநி ||
பத | பதநிஸ் ||

ஸ்நி | ஸ்நிதப ||
நித | நிதபம ||
தப | தபமக ||
பம | பமகரி ||
மக | மகரிஸ ||

ஒவ்வொரு வரியும் ஒரு ஆவர்த்தனம். வரியின் முதல் ஸ்வரம் திருதத்தின் தட்டில் விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வரியோடு நிறுத்தி, அதை மட்டும் நாலு முறை பாடுங்கள். தொடக்கத்துக்கு ஓடிப்போய் மறுபடி பாடுவதால் தெரிந்த வரிதான் இன்னும் நன்றாகத் தெரியும், தவறு அங்கேயே இருக்கும்.

4. இரண்டாம் காலம். கை அதே வேகம், ஸ்வரம் இரட்டிப்பு. ஒரு ஆவர்த்தனத்தில் இரண்டு வரி அடங்கிவிடும். மேலே ஏறுவது ஐந்து வரி, அதாவது ஒற்றைப்படை. எனவே மூன்றாவது ஆவர்த்தனத்தின் பாதியில் ஏற்றம் முடிந்து, இறக்கத்தின் முதல் ‘ஸ்நி’ சுண்டு விரலில் தொடங்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள், கையை அவசரமாகத் தட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ‘பத பதநிஸ் ஸ்நி ஸ்நிதப’ என்று அந்த ஒரு ஆவர்த்தனத்தைத் தனியே எடுத்துப் பழகுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மருந்து இல்லை.

5. மூன்றாம் காலம். அட்சரத்துக்கு நாலு ஸ்வரம். மொத்தம் 60 ஸ்வரம், 15 அட்சரம்; அதாவது இரண்டரை ஆவர்த்தனம். ஒரு முறை பாடி நிறுத்தினால் தாளம் நடுவில் தொங்கும். இரண்டு முறை பாடினால் ஐந்து ஆவர்த்தனத்தில் சரியாக முடியும். மூன்றாம் காலம் வராமல் சிரமப்பட்டால் முதல் காலத்தை இன்னும் மெதுவாக வைத்துத் தொடங்குங்கள். வேகத்தில் ஸ்வரம் மங்கக் கூடாது; ‘ரி’ ஒவ்வொன்றும் ‘ரி’யாகக் கேட்க வேண்டும்.

6. அகாரம், வேறு ராகம். ஸ்வரப் பெயரை விட்டு ‘ஆ’ என்று பாடுங்கள். பிறகு கல்யாணி, சங்கராபரணம். மோகனத்தில் ம, நி இல்லாததால் ‘ஸரி | ஸரிகப’ என்று மாறும், ஏற்றமும் மூன்று வரியில் முடிந்துவிடும். ஆசிரியர் சொன்ன பிறகே ராகம் மாற்றுங்கள்.

மற்ற ஆறுக்கும் இதே வழிதான், கோவையும் எண்ணிக்கையும் மட்டும் வேறு. துருவம் 14, மட்டியம் 10, ஜம்பை 10, திரிபுடை 7, அட 14, ஏகம் 4. மிஸ்ர ஜம்பையில் லகு ஏழு என்பதால் தட்டு, ஐந்து விரல் எண்ணிய பிறகு மறுபடி சுண்டு விரலுக்கு வர வேண்டும்.

கண்ட அட (லகு ஐந்து) தாளத்துக்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள்.

ஸரி,க, | ஸ,ரிக, | ம, | ம, ||

காற்புள்ளி உள்ள இடத்தில் முந்தைய ஸ்வரத்தை நீட்ட வேண்டும். பாடாத அட்சரத்தையும் கை எண்ணியாக வேண்டும் என்பதை இந்த வரி நன்றாகக் கற்றுக்கொடுக்கும். பின்னாளில் பைரவி ராகத்தில் ‘விரிபோணி’ போன்ற அட தாள வர்ணத்துக்கு வரும்போது அந்த 14 எண்ணிக்கை கைக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.