நயம் பாராட்டுறத நிறுத்திட்டு வாதம் பண்ண வைங்க: பசங்களுக்கு இலக்கியக் கட்டுரை சொல்லித்தர்ற விதம்

நம்ம பசங்ககிட்ட ஒரு பாட்டைக் கொடுத்து எழுதச் சொன்னா கை தானா முன்னுரை, திரண்ட கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை, முடிவுரைன்னு ஓடும். பரீட்சைக்கு மார்க் வரும், தப்பில்ல, ஆனா அது கட்டுரை இல்ல, சரக்கு லிஸ்ட். இதுல மோனை இருக்குன்னு சொன்னா யாரு சண்டைக்கு வரப்போறா? யாராச்சும் மறுக்க முடியுற மாதிரி ஒண்ணச் சொல்லி அதைப் பாட்டை வச்சே நிரூபிக்கணும், அங்கதான் கட்டுரை ஆரம்பிக்குது.

நான் எப்பவும் குறுந்தொகை நாப்பதாவது பாட்டுல தான் தொடங்குவேன். அஞ்சே வரி, போர்டுலயே எழுதிடலாம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

நோட்ஸை மூடி பைக்குள்ள வைக்கச் சொல்லிட்டு சத்தமா மூணு தடவ படிக்க வைங்க. யாய்னா என் அம்மா, ஞாய்னா உன் அம்மா, எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, செம்புலப் பெயனீர்னா செம்மண் நிலத்துல பெய்ஞ்ச மழைத்தண்ணி, இந்த அளவுக்கு அர்த்தம் போதும். சேர்ந்த பிறகு இவன் விட்டுட்டுப் போயிடுவானோன்னு பயப்படுற தலைவிகிட்ட தலைவன் பேசுறான்னு சூழலயும் சொல்லிடுங்க, அது பின்னாடி தேவைப்படும்.

அடுத்தது "பாட்டுல உறுத்துற மாதிரி, வித்தியாசமா எது இருக்கு?"ன்னு கேளுங்க. அழகா எது இருக்குன்னு மட்டும் கேட்டுடாதீங்க, கேட்டா மொத்த கிளாஸும் உவமைன்னு சொல்லிட்டு உக்காந்துடும். கொஞ்ச நேரம் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க, அந்த அமைதியத் தாங்கிக்கணும், நாமளே பதிலச் சொல்லிட்டா எல்லாம் போச்சு. என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு தான் கண்டுபிடிச்சா, மொத மூணு வரியிலயும் என்-உன், என்-உன், நான்-நீன்னு ஜோடி ஜோடியா வருது, கடைசி வரியில நெஞ்சம்னு மட்டும் இருக்கு, யாரு நெஞ்சம்னே சொல்லலயேன்னு.

இதை ஒரே வாக்கியமா எழுத வைங்க, அதுல 'ஏன்னா' இல்லன்னா 'அதனால' கண்டிப்பா வரணும். அவ எழுதினது இது: "தலைவன் தரும் உறுதி உவமையில் மட்டும் இல்லை, என், உன் என்ற சொற்கள் மறைந்துபோவதிலும் இருக்கிறது, ஏனென்றால் பிரிவுக்கு அஞ்சுபவளிடம் அவன் பிரித்துப் பேசுவதையே நிறுத்திவிடுகிறான்." இதான் கட்டுரையோட முதுகெலும்பு. இது கையில வர்ற வரைக்கும் யாரையும் பேனா எடுக்க விடாதீங்க.

பிளானுக்கு அரைத்தாள் போதும். மேல அந்த வாக்கியம், கீழ மூணு கட்டம்: மொத மூணு வரியோட ஜோடிகள், செம்மண்ணும் மழையும், கடைசி வரியோட 'தாம்' (தாங்கலந்தனவேங்கிறத பிரிச்சா தாம் கலந்தனவே, தாமாவே கலந்துடுச்சுன்னு அர்த்தம்). ஒவ்வொரு கட்டத்துலயும் பாட்டுல இருந்து ஒரு சொல்லாவது இருக்கணும், இல்லன்னா அந்தப் பத்திய வெட்டிடுங்க.

பத்தி எழுதும்போது தான் பழைய பழக்கம் எட்டிப் பாக்கும். "புலவர் உவமையை மிக அழகாகக் கையாண்டுள்ளார்"னு ஒருத்தன் எழுதினான், இதை எந்தப் பாட்டுக்கு வேணாலும் ஒட்டலாமேப்பான்னேன். 'அழகாக'ங்கிற வார்த்தைய ஒரு மாசம் தடை பண்ணேன், திரும்ப எழுதிட்டு வந்தான்: "மழை வானத்துடையது, மண் நிலத்துடையது, கலந்தபின் அந்த நீரிலிருந்து செம்மை நிறத்தைத் தனியே எடுக்க முடியாது." இப்ப உவமை என்ன வேலை செய்யுதுன்னு தெரியுதுல்ல?

எதிர்க்கேள்விக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்க, என்னைக் கேட்டா இதுதான் கட்டுரையோட உயிர். "மழைத்தண்ணி ஓடிப்போயிடுமே சார், அப்ப அவ பயப்படுறது நியாயம் தானே"ன்னு ஒருத்தன் கேட்டான், எனக்கே பதில் சட்டுன்னு வரல. செம்மண் ஊர்ல இருந்து வர்ற இன்னொருத்தன், "ஓடினாலும் செவப்பாத்தான் சார் ஓடும், எங்க கண்மாய் வந்து பாருங்க"ன்னான். ரெண்டையும் அப்படியே எழுதுங்கடான்னு விட்டுட்டேன்.

முன்னுரைய கடைசியா எழுத வைங்க, "சங்க இலக்கியம் தமிழரின் பொற்காலம்"னு ஆரம்பிச்சா அந்த வரிய அடிச்சுடுங்க. திருத்தும்போது சந்திப்பிழைய ரெண்டாவது சுத்துக்கு வச்சுக்கிட்டு, மொதல்ல அந்த ஒரு வாக்கியத்துக்கு அடியில மட்டும் கோடு போட்டு, ஒவ்வொரு பத்தியும் அதுகூட சேருதான்னு ஓரத்துல ஒரு டிக் இல்லன்னா ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்துடுங்க, கேள்விக்குறி விழுந்த பத்திய மட்டும் மறுநாள் திரும்ப எழுதிட்டு வரட்டும்.