ஸ்லாலம் நீர்ச்சறுக்கில் கைப்பிடியும் திருப்பமும்

படகு இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றிச் சறுக்கியபடி, இருபுறமும் நிற்கும் மிதவைகளைச் சுற்றிச் செல்வதே ஸ்லாலம். அந்தத் தடத்தில் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தம் ஸ்கீ எனும் சறுக்குப் பலகையையோ அதில் பாதத்தை இறுக்கும் பிணைப்பையோ குறை கூறுவார்கள். நான் பார்த்தவரையில் பிழை கையில்தான் இருக்கிறது. கைப்பிடி உடலுக்கு எவ்வளவு அருகில் இருந்தது, ஒரு கை அதை எப்போது விட்டது, எப்போது திரும்ப வந்து பற்றியது என்ற மூன்றும் சரியாக இருந்தால், திருப்பத்தின் பெரும்பகுதி தானாகவே அமைந்துவிடும். ஒற்றை ஸ்கீயில் நின்று, படகு எழுப்பும் பின்னலைகளை இருபுறமும் கடக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தடத்தின் அளவுகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். போட்டித் தடம் 259 மீட்டர் நீளமுடையது. நுழைவாயிலிலிருந்து முதல் மிதவை வரை 27 மீட்டர், பிறகு மிதவைக்கு மிதவை 41 மீட்டர், ஆறாவது மிதவையிலிருந்து வெளிவாயில் வரை மீண்டும் 27 மீட்டர் என்பது படகு செல்லும் திசையில் அளந்த கணக்கு. ஆறு மிதவைகளும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக மாறி மாறி நிற்கின்றன. ஆண்களுக்கான உச்ச வேகமாகிய மணிக்கு 58 கிலோமீட்டரில் படகு இந்தத் தடத்தை 16.08 விநாடிகளில் கடந்துவிடும். ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை விநாடிதான். ஒரு கையை விட்டு, உடலை நீட்டி, திரும்பி, மறுபடி இரு கைகளாலும் பற்றி, அலைகளைக் கடப்பது எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும்.

கயிற்றின் முழு நீளம் 18.25 மீட்டர். உச்ச வேகத்தை எட்டிய பிறகு, ஆறு மிதவைகளையும் முடிக்கும் ஒவ்வொரு முறையும் அது 16, 14.25, 13, 12, 11.25 என்று குறைந்துகொண்டே போகும். 11.25 மீட்டருக்கு வந்ததும் கயிறு மிதவையை எட்டாது. நீட்டிய கையும் சாய்ந்த உடலும்தான் மீதித் தொலைவை நிரப்ப வேண்டும். அமெரிக்க வீரர் நேட் ஸ்மித் 2013இல் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவைகளைச் சுற்றி உலகச் சாதனை படைத்தார். அந்த நீளத்தில் கைப்பிடி எவ்வளவு விலகிச் சென்றாலும் அதற்கும் மிதவைக்கும் 1.75 மீட்டர் இடைவெளி எஞ்சும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விளையாட்டில் ஒரு கையின் நீட்சிக்கு என்ன மதிப்பு என்பது விளங்கும்.

இனி பிடிக்கு வருவோம். ஒரு உள்ளங்கை மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் இருக்குமாறு பற்றுவதே ஸ்லாலத்துக்கு ஏற்றது. இரு உள்ளங்கைகளும் கீழ்நோக்கி இருந்தால், இழுவை மிகும்போது கைப்பிடியின் கம்பி விரல்களிலிருந்து உருண்டு நழுவப் பார்க்கும். எந்தக் கை மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டையும் சில நாள் முயன்று, இயல்பாக அமைவதைத் தேர்ந்துகொண்டு, பிறகு அதை மாற்றாமல் இருப்பதே நல்லது.

கம்பி உள்ளங்கையின் நடுவில் அழுந்தக் கூடாது. விரல்களின் அடிப்பகுதியில், மடிந்த விரல்களுக்குள் அமர வேண்டும். நீர் நிறைந்த வாளியைத் தூக்கிச் செல்லும்போது விரல்கள் கொக்கியாக மடிந்திருக்க, முழங்கை தளர்ந்து, கை முழுவதும் நேராகத் தொங்குமே, அதே நிலைதான் இங்கும் தேவை. உள்ளங்கையில் வைத்து முழு வலிமையோடு நெரிப்பவரின் முன்கை மூன்றாவது மிதவைக்குள் கல்லாக இறுகிவிடும். காய்த்த தோலும் கிழியும். ஒரு பருவத்தின் தொடக்கத்தில் எனக்கு அப்படிக் கிழிந்து, இரண்டு வாரம் தண்ணீரில் இறங்க முடியாமல் போயிற்று. அதிலிருந்து காய்ப்புகளைக் குளித்தபின் நுரைக்கல்லால் தேய்த்துச் சமமாக வைத்துக்கொள்கிறேன்.

கையுறை உள்ளங்கையில் சுருங்காத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். கம்பியின் தடிமனும் முக்கியம்: பற்றும்போது விரல் நுனிகள் உள்ளங்கையின் அடியை ஏறக்குறைய தொட வேண்டும். சிறிய கைகள் உடையவர்கள் தடித்த கம்பியோடு போராடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெல்லிய கம்பிக்கு மாறிய அன்றே அவர்களுடைய முன்கை வலி குறைந்துவிடும்.

அலைகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும்போது கைகள் நீண்டும், மேற்கைகள் மிதவைச் சட்டையின் பக்கவாட்டில் ஒட்டியும், கைப்பிடி இடுப்பின் உயரத்திலும் இருக்க வேண்டும். கைப்பிடியை மார்புக்கு இழுப்பவரின் இடுப்பு பின்னால் போய், தோள்கள் படகை நோக்கிக் கவிழ்ந்துவிடும். கைப்பிடியை இழுப்பதற்குப் பதிலாக இடுப்பை அதற்கு அருகில் கொண்டுசெல்ல வேண்டும். இந்த ஒன்றை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று.

மிகப் பரவலான பிழை, கையைச் சீக்கிரம் விட்டுவிடுவது. படகின் பின்னே நடுக்கோட்டைக் கடந்ததும் ஸ்கீ ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுகிறது. அந்த மாற்றம் முழுமையடையும்வரை இரு கைகளும் கைப்பிடியில், இடுப்பருகே இருக்க வேண்டும். மாறுவதற்கு முன்பே ஒரு கை விடுபட்டால், கயிறு மேலுடலைப் படகின் பக்கம் இழுத்துவிடும். வெளிப்புறமாக விரிந்து செல்ல வேண்டிய ஸ்கீ நேராக மிதவையை நோக்கி விரையும். மிதவையை அடையும்போது வேகம் மிகுந்தும் இடம் குறைந்தும் இருக்கும். திருப்பம் கெட்டது மிதவையில் என்று நாம் நினைப்போம், ஆனால் அது அலையருகே ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும்.

விட வேண்டியது வெளிப்புறக் கையை. வலப்பக்க மிதவையில் வலது கை விடுபட, இடது கை படகின் நடுவிலுள்ள இழுவைக் கம்பத்தை நோக்கி நீள வேண்டும். ஸ்கீ வெளியே செல்லச் செல்ல, கைப்பிடி இடுப்பு உயரத்திலேயே மெல்ல மெல்ல விலகட்டும். அதைத் தலைக்கு நேராக வீசி எறிவது வேண்டாம். முழங்கால்களும் கணுக்கால்களும் மடங்கி, எடை முன்காலில் இருக்க வேண்டும். பார்வை மிதவையின்மீது நிலைக்காமல் தடத்தின் முன்பகுதியில் இருக்கட்டும், ஏனெனில் மிதவையையே பார்ப்பவரின் தலையும் தோளும் முன்கூட்டியே உள்ளே சரிகின்றன.

திருப்பத்தின் முடிவில் பொறுமை தேவை. நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்தால் கயிறு தொய்ந்து, அடுத்த கணம் படகு அதைச் சுண்டி இழுக்கும். முதுகும் தோளும் காயப்படுவது அந்தச் சுண்டலில்தான். ஸ்கீ உடலுக்கு அடியில் சுழன்று திரும்பும்வரை கை நீண்டே இருக்கட்டும். ஸ்கீ நம்மைக் கைப்பிடியிடம் கொண்டுவந்து சேர்க்கும்போது, மற்றக் கை இடுப்பருகே தாழ்வாக வந்து பற்ற வேண்டும். கயிறு இறுகியிருப்பதை இரு கைகளாலும் உணர்ந்த பிறகே சாய வேண்டும்.

எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். வலது காலை முன்வைப்பவருக்கு 1, 3, 5 ஆகிய மிதவைகளும், இடது காலை முன்வைப்பவருக்கு 2, 4, 6 ஆகியவையும் கடினமான பக்கம். அந்தப் பக்கத்தில் அவசரப்பட்டுக் கையை இழுக்கும் பழக்கமே முதலில் தலைகாட்டும் என்பதால், பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள்.

கரையிலும் பயிலலாம். பழைய கைப்பிடியை ஒரு மரத்தில் இடுப்பு உயரத்தில் கட்டி, சாய்ந்து நின்று, ஒரு கையை விடுவதையும் தாழ்வாகத் திரும்பப் பற்றுவதையும் நாள்தோறும் இருபது முறை மெதுவாகச் செய்யுங்கள். தண்ணீரில் முதலில் மிதவைகள் இல்லாத திறந்த நீரில், முழு நீளக் கயிற்றில், வழக்கமான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ஓட்டச் சொல்லி இதையே பழகுங்கள். படகிலிருப்பவர் காணொளி எடுத்தால், கை விடுபடும் கணத்தில் ஸ்கீ எந்த விளிம்பில் இருக்கிறது என்பதை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

கைப்பிடிக் கம்பியும் அதன் இரு முனைகளிலிருந்து வரும் கயிறுகளும் சேர்ந்து அமையும் முக்கோணத்துக்குள் கையையோ தலையையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள். விழப்போகிறோம் என்று தோன்றிய உடனே அதை விட்டுவிடுங்கள். கைப்பிடிக் கயிற்றின் இழைகள் பிரிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் இறங்குமுன் பாருங்கள். முழங்கையின் உட்புறத்தில் வலி தொடங்கினால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட்டு, வலி நீங்கி மீண்டும் இறங்கும் நாளில் பிடியின் இறுக்கத்தை முதலில் சோதியுங்கள்.